அம்மாக்கண்ணு குடித்த சூப்

கொட்டகலை
6.2.1961

அன்பு மச்சான் செல்லசாமி அவர்களுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் தங்கையும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பேனா ஒத்துக்கொள்ளவில்லை.

அம்மாக்கண்ணுவின் வயிற்றில் இருப்பது புற்று என்று போன மாதமே எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை பெரிய ஆசுபத்திரியில் மறுபடியும் காட்டினேன். ஈரலுக்கும் பரவியிருக்கிறதாம். அறுக்க வேண்டியதில்லை, வலிக்கு மட்டும் மருந்து போதும் என்றார் டாக்டர். பிறகு என் தோளில் கை வைத்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. என்ன ஆசைப்படுறாங்களோ அதைச் சாப்பிடக் குடுங்க" என்றார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. கத்தி இல்லை, ஊசி இல்லை, சாப்பாடுதான் வைத்தியம். இவ்வளவு நல்ல டாக்டரை நான் பார்த்ததில்லை.

சிக்கல் என்னவென்றால் அவளுக்கு எதிலும் ஆசை இல்லை. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு, சமைக்க வேறு ஆள் கிடையாது. கலியாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அடுப்பங்கரையில் எனக்குத் தெரிந்தது வெந்நீர்ப் பானை இருக்கும் இடம் மட்டும்தான். நேற்று நானே கஞ்சி வைத்தேன். அதில் கரண்டியை நிறுத்தினால் சாயாமல் நின்றது.

நீங்கள் உடப்புசல்லாவையில் துரை பங்களாவில் இருபது வருஷமாக வெள்ளைக்காரர்களுக்குச் சமைக்கிறீர்கள். அவர்களுக்கே பசி வரவழைக்கிறவருக்கு உங்கள் தங்கைக்கு வரவழைப்பது பெரிய காரியமா? செய்முறையை விவரமாக எழுதுங்கள். உப்பு எவ்வளவு என்பது உட்பட. அவள் சாப்பிடாதபோது எனக்கும் இறங்கவில்லை.

பசியுடன்,
உங்கள் மாப்பிள்ளை
பொன்னையா


உடப்புசல்லாவை
11.2.1961

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். டாக்டர் சொன்ன இடத்தை மூன்றாவது தடவையும் படித்தேன். பிறகு உட்கார்ந்து, தேவையே இல்லாமல் ஒரு கூடை வெங்காயம் உரித்தேன்.

சரி, சமையலுக்கு வருவோம். கோழி சூப். கோழி எலும்பு, கேரட் ஒன்று, லீக்ஸ் ஒன்று, மிளகு பத்து. மெல்லிய தீயில் மூன்று மணி நேரம். கொதித்துக் குதிக்கக் கூடாது, ஓரத்தில் முணுமுணுக்க வேண்டும். நுரையை எடுத்துவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். துணி என்றால் சுத்தமான துணி. உங்கள் வேட்டி அல்ல. உங்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது கஸ்டர்ட். முட்டை இரண்டு, பால் ஒரு கோப்பை, சீனி இரண்டு கரண்டி. கை ஓயாமல் கிண்ட வேண்டும். பாதியில் பீடி பற்றவைக்கப் போகக் கூடாது. எங்கள் துரைசாணி காய்ச்சலில் கிடந்தபோது இதைத்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டினார். அவ்வளவு தெம்பு.

எனக்கும் வர ஆசைதான். பங்களாவில் ஒரே விருந்தாளிகள், லீவு கிடைக்காது. தங்கச்சியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செல்லசாமி


கொட்டகலை
20.2.1961

அன்பு மச்சானுக்கு,

வெற்றி. முதலில் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் வடிகட்டும்போது ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது. துணியில் நின்றதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, கீழே போனதைச் சாக்கடைக் கானில் விட்டுவிட்டேன். எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாக்கண்ணு கிண்ணத்திலிருந்த எலும்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வலித்ததால் நிறுத்தினாள்.

மறுநாள் சரியாக வந்தது. நான் பக்கத்தில் நின்று ஊட்டினேன். இரண்டு கரண்டிக்கே குமட்டியது. "நீங்க முன்னால நின்னா எனக்கு இறங்க மாட்டேங்குது. மலைக்குப் போங்க, நான் மெதுவாக் குடிக்கிறேன்" என்றாள். நானும் தேயிலைக் கொழுந்து மலைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து பார்த்தேன், கிண்ணம் காலி. கழுவி வைத்த மாதிரி இருந்தது. ஐந்து நாளாக இப்படித்தான். கஸ்டர்டும் மிச்சமில்லை.

ஆனாலும் உடம்பு இன்னும் தேறக் காணோம். சத்து ஏற நாளாகும் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு ராசம்மாவிடம் இதைச் சொன்னபோது ஒரு மாதிரிப் பார்த்தாள். நம் வீட்டுச் சிவப்புப் பெட்டைக்கோழி மட்டும் இந்த வருஷம் நன்றாகக் கொழுத்திருக்கிறது. மார்ச் முதல் ஞாயிறு அதையே அறுத்துப் பெரிய சூப்பாக வைத்துவிட உத்தேசம்.

நன்றியுடன்,
பொன்னையா


கொட்டகலை
25.2.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாக்கண்ணு எழுதுவது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதோடு கைநடுக்கம். இரண்டு நாளாக எழுதுகிறேன். ராசம்மா தபாலில் போடுவாள். அவருக்குத் தெரியாது.

நீங்கள் எழுதிய சூப்பைக் குடித்தது நான் இல்லை, கோழி. கஸ்டர்டும் அதுதான். கோழிக்குக் கோழி சூப் கொடுப்பது பாவம் என்று தெரியும். ஆனால் அது அண்ணாந்து அண்ணாந்து குடிக்கிறது. அவர் மலைக்குப் போனதும் வாசலில் வந்து நிற்கிறது. அதை அறுக்கப் போகிறாராம். கொழுத்த கோழி நோயாளிக்கு ஆகாது என்று எழுதுங்கள். சமையல் விஷயத்தில் உங்கள் பேச்சைக் கேட்பார்.

எனக்கு வீம்பு இல்லை அண்ணா. பசியே இல்லை. நாக்கில் ஆணியை வைத்த மாதிரி இருக்கிறது. இரண்டு வாய் போனால் வயிறு கல்லாகிவிடுகிறது. அவரிடம் சொன்னால் முகம் தொங்கிப்போகும். அவர் கணக்கப்பிள்ளை அல்லவா, மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை "இன்னும் நாலு றாத்தல், இன்னும் நாலு றாத்தல்" என்று விரட்டுகிற அதே குரலில் "இன்னும் நாலு வாய்" என்கிறார். பிறகு அடுப்பங்கரைக்குப் போய் அழுகிறார். மூக்குச் சிந்துகிற சத்தம் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. அவரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

டாக்டர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. இந்தத் தோட்டத்தில் அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் யாரும் அடுத்த பொங்கல் வைக்கவில்லை. உங்களுக்கும் விளங்கியிருக்கும். அவர் மட்டும் அதை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சாவதற்கு எனக்குப் பெரிய பயமில்லை. என் பயம் வேறு. இன்னும் ஒரு கரண்டி ஊட்டியிருந்தால் அவள் இருந்திருப்பாள் என்று அவர் கடைசிவரை நினைத்துக்கொண்டே இருப்பார். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தங்கச்சி
அம்மாக்கண்ணு


உடப்புசல்லாவை
1.3.1961

அன்பு மாப்பிள்ளைக்கு,

கொழுத்த கோழி நோயாளிக்கு ஆகாது என்று எழுதும்படி எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. எழுதிவிட்டேன். அறுக்காதீர்கள். இத்தனை நாள் உங்கள் சூப்பைக் குடித்தது அந்தக் கோழிதான். தங்கச்சியைக் கோபிக்காதீர்கள், உங்கள் முகம் தொங்கிவிடும் என்று பயந்து செய்திருக்கிறாள்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள். டாக்டர் சொன்னது வைத்தியம் இல்லை, மாப்பிள்ளை. வைத்தியம் தீர்ந்துபோனதால் சொன்னது. உங்கள் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாக்கண்ணுவுக்கு ஆசுபத்திரியிலேயே தெரியும். தெரிந்திருந்தும் நான் கேரட், லீக்ஸ் என்று எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே விருந்தாளிகள் யாரும் இல்லை. துரை குடும்பத்தோடு சீமைக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. நான் நாய்க்குத்தான் சமைக்கிறேன். லீவு கேட்க ஆளே இல்லை. என் தங்கையை அந்தக் கோலத்தில் பார்க்கத் தைரியமில்லாமல் பொய் எழுதினேன்.

எங்கள் தோட்டத்து மருந்துக்காரரிடம் கேட்டேன். சாப்பிடாததால் உடம்பு போகவில்லையாம், உடம்பு போவதால்தான் பசி போகிறதாம். கட்டாயப்படுத்தினால் வேதனைதான் கூடும். வாயை நனைத்துவிடுங்கள், கேட்டால் ஒரு வாய் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள், அவ்வளவுதான் என்றார். ஆகவே உங்கள் கஞ்சியில் குற்றமில்லை. அதாவது, கஞ்சியில் குற்றம் உண்டு. அவள் உடம்பு மெலிவதற்கு அது காரணமில்லை. இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

என்னைத் திட்டி எழுதுங்கள்.

செல்லசாமி


கொட்டகலை
13.3.1961

அன்பு மச்சானுக்கு,

திட்டி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் அடுப்பில் போட்டேன். இரண்டு நாள் ஒன்றும் தெரியாதவன் மாதிரி கஸ்டர்ட் கிண்டினேன். மூன்றாம் நாள் கை ஓடவில்லை. அப்படியே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அண்ணன் எழுதிட்டாரு" என்றேன்.

"என்னன்னு?"

"நீ சாப்பிட வேணாமாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றாள். "இத்தனை வருஷத்துல நீங்க சொன்ன ஒரே நல்ல வார்த்தை" என்றாள். நான் அவள் முன்னாலேயே அழுதேன். "அடுப்பங்கரையை விட இங்க வசதியாத்தான் இருக்கு, அழுங்க" என்றாள். அவளும் அழுதாள். சூப்பு வைத்து அவளைப் பிழைக்க வைத்துவிடலாம் என்று நிஜமாகவே நம்பியிருந்தேன், மச்சான். அந்த நம்பிக்கையை விடுவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது.

அன்று முதல் அவள் சாப்பாட்டுப் பேச்சே கிடையாது. என் சாப்பாடுதான் பேச்சு. படுத்த இடத்திலிருந்தே எனக்குச் சமையல் சொல்லித் தருகிறாள். என்னை விடக் கடுமையான கணக்கப்பிள்ளை. தாளிக்கும் வாசம் அவளுக்கு ஆகாது, அதனால் கொல்லையில் அடுப்பு மூட்டியிருக்கிறேன். அங்கிருந்து ஓடி ஓடி வந்து காட்ட வேண்டும். நான்கு நாள் ரொட்டியைத் திருப்பி அனுப்பினாள். ஐந்தாம் நாள், "இது பரவாயில்ல. உக்காந்து சாப்பிடுங்க, நான் பாக்கணும்" என்றாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று ரொட்டி சாப்பிட்டேன். அவள் என் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசித் துண்டை விழுங்கியதும், தானே சாப்பிட்டு முடித்த மாதிரி பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனாள்.

இப்போது அதிக நேரம் தூக்கம்தான். பேச்சு குறைந்துவிட்டது. தண்ணீர் தொட்டு உதட்டை நனைக்கிறேன். எத்தனை நாள் என்று தெரியாது.

உங்களுக்கு அவளைப் பார்க்கப் பயம் என்று எழுதினீர்கள். எனக்கும் தினமும் காலையில் பயமாகத்தான் இருக்கிறது. கண் விழித்ததும் என்னிடம் ஏதாவது ஒரு குறை கண்டுபிடிப்பாள், பயம் போய்விடும். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நுவரெலியா வந்து, நானுஓயாவில் ரயில் பிடியுங்கள். எதையும் சமைத்துக் கொண்டுவர வேண்டாம். நான் சமைக்கிறேன். உங்களுக்கும் சேர்த்து அரிசி போடச் சொல்லியிருக்கிறாள். நாம் இரண்டு பேரும் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டுமாம்.

உங்கள் மாப்பிள்ளை
பொன்னையா