கூறைப்பட்டுக்குள் வைத்த பிளேட்டு

1950 பிப்ரவரி 12, ஞாயிறு
இராஜாக்கமங்கலம்

மரியஜான் பம்பாயிலிருந்து லீவில் வந்திருக்கிறான். அங்கே என் வீட்டுக்காரரோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன். அவர் கொடுத்துவிட்டதாக ஒரு கிராமபோன் பிளேட்டு கொண்டுவந்தான். பாட்டு இல்லையாம், அவரே பேசியிருக்கிறாராம். பம்பாயில் ஒரு கடையில் காசு கொடுத்தால் நாம் பேசப் பேச அதைப் பிளேட்டில் கீறிக் கொடுத்துவிடுவார்களாம்.

நான் நம்பவில்லை. மாமிதான் இருப்புக் கொள்ளாமல் சேலையை மாற்றினாள். கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் கிராமபோன் வாடகைக்கு விடுகிற கோலப்பன் அண்ணன் கடைக்குப் போனோம். மடியில் என் மகள் முத்துக்கனி. பிறந்து மூன்று மாதம் ஆகிறது, அப்பா முகம் இன்னும் பார்க்கவில்லை.

அவர் குரல்தான். ஒரு மாற்றமும் இல்லை. "அம்மா, நான் சுயம்பு பேசுதேன். கேக்குதா?" என்றதும் மாமி "கேக்குது மக்கா, கேக்குது" என்று பெட்டியைப் பார்த்து உரக்கச் சொன்னாள். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"இஞ்ச ஒரு கொறவும் இல்ல. சோறுதான் வாய்க்கு வெளங்கல்ல. நீ வைக்க மீனு புளிமுளம் நாக்குல நிக்குது. கால் வேதன எப்பிடி இருக்கு? கெணத்தடி வழுக்கும், பாத்துப் போ." எல்லாம் அம்மாவுக்கு. பிறகு ஓர் இருமல். பிறகுதான் நான். "வடிவு, நான் பேசினத பிள்ளைக்குச் சொல்லிக் குடு." அதற்குள் கடைக்காரன் யாரோ "பஸ், பஸ்" என்கிறான், இந்தியில் போதும் என்று அர்த்தமாம். முடிந்துவிட்டது.

நான் நல்லா இருக்கேனா என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? பிள்ளைப்பேறு கழிந்து எழுந்தவள்தானே நான். மாமி இன்னொருக்கா போடு, இன்னொருக்கா போடு என்று சாயங்காலம்வரை போடவைத்தாள்.

பிப்ரவரி 19

மாமி இன்றும் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு கோலப்பன் அண்ணன் கடைக்குப் போனாள். நேற்றும் போனாள்.

ஜூன் 9

தந்தி. காய்ச்சலில் போய்விட்டார். அங்கேயே எரித்துவிட்டார்களாம்.

ஜூலை 2

பதினாறு கழிந்தது. அவருடைய பெட்டி வந்தது, இரண்டு சட்டையும் ஒரு செருப்பும்.

கோலப்பன் அண்ணன் கிராமபோனை வீட்டுக்கே கொண்டுவந்து ஒரு தடவை போட்டார். அரிசி புடைக்கிற சத்தம் மாதிரி ஓர் இரைச்சல், அதற்குப் பின்னால் எங்கோ அவர். "அம்மா" என்ற முதல் சொல் பாதிக்குமேல் போய்விட்டது. ஏன் இப்படி ஆயிற்று என்று அண்ணனைக் கேட்டேன்.

"கம்பெனி பிளேட்டு அரக்கு தங்கச்சி, கல்லு மாதிரி கெடக்கும். இது தகரத்துக்கு மேல ஒரு பூச்சு, அம்புட்டுதான். ஊசி ஓட ஓட உழுதுரும். அம்ம கேக்க கேக்க நானும் இரும்பு ஊசிய வெச்சுப் போட்டுட்டேன். இனி உடமரத்து முள்ள ஊசியாச் சீவி வெச்சுப் போட்டா இன்னும் கொஞ்ச வாட்டி தாங்கும்."

"போடாமலே வெச்சிருந்தா?"

"போடாம வெச்சா அதுபாட்டுக்கு எத்தன வருசமும் கெடக்கும். வெயிலு படாம, பூச்சி அண்டாம வெச்சுக்க."

அப்படியானால் சரி. முத்துக்கனிக்கு ஏழு வயது ஆகட்டும். கேட்டால் மனதில் நிற்கிற வயசு. அதுவரை ஒரு ஊசியும் இதன்மேல் படாது. அவளுக்கு அப்பா என்று வேறு என்ன இருக்கிறது? அவர் என்னிடம் ஒப்படைத்தது இந்த ஒன்றைத்தானே.

என் கூறைப்பட்டு இனி எனக்கு உதவாது. பிளேட்டை அதில் நாலாக மடித்துப் பொதிந்து, பட்டுக்கு வைப்பதுபோல மடிப்புக்கு மடிப்பு சூடம் வைத்து, டிரங்குப் பெட்டியில் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

1951 ஜனவரி 20

"ஒருக்கா மட்டும் போடச் சொல்லு மக்கா" என்று மாமி என் காலைப் பிடிக்காத குறை. பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போக நேரமாகிறது, வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

"உங்களுக்குப் பேசினத நீங்க கேட்டு முடிச்சாச்சு மாமி. தேய்ச்சதே நீங்கதான். மிச்சம் எம் பிள்ளைக்கு" என்றேன்.

"அவன் எனக்க வயித்துல பெறந்தவன்லா?"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. உள்ளதைத்தானே சொன்னேன். பின்னால் ஒப்பாரி வைத்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்று எழுத்து ஏறவில்லை.

1952 ஏப்ரல் 6

கையோடு பிடித்தேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அவர் பேசியதை அப்படியே ஒப்பிக்கிறாள் கிழவி. அந்த இழுவை, அந்த மூச்சு, எல்லாம். முத்துக்கனி வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் கிண்ணத்தைப் பிடுங்கிவிட்டேன். "அவருக்க குரலு பெட்டிக்குள்ள சுத்தமா இருக்கு. பிள்ள மொதல்ல கேக்கது அதுவா இருக்கணும். உங்க கீச்சுத் தொண்டையப் போட்டு அவளுக்க காதக் கெடுக்காதீங்கோ. இனி இந்த வீட்டுல அந்தப் பேச்சக் கேட்டேன், பிள்ளையத் தூக்கிட்டு எங்க அம்ம வீட்டுக்குப் போயிருவேன்."

மாமி வாயை மூடிக்கொண்டாள். பயந்துவிட்டாள், நல்லது. ஆனால் நான் பள்ளிக்கூடம் போன பிறகு என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 20

தினமும் சாயங்காலம் பிள்ளையைக் கேட்கிறேன். "ஆச்சி என்ன சொன்னா?" "ஒண்ணும் சொல்லல." "அப்பாவப் பத்தி?" "ஒண்ணும் சொல்லல." மழலைதான், ஆனால் தடுமாறாமல் சொல்கிறது.

1953 ஜூன் 9

திவசம். பலகாரம் படைத்துக்கொண்டிருக்கும்போது கோலப்பன் அண்ணன் கிராமபோனைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். மாமி சொல்லிவிட்டிருக்கிறாள். உடைமுள் சீவித் தயாராக வைத்திருக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்துவிட்டார்கள், செத்தவன் பேசுவதைக் கேட்க.

சாவி தரமாட்டேன் என்றேன்.

"ஒரு வாட்டி போட்டா குடி முழுகிராது தங்கச்சி."

"ஊசி உழுதுரும்னு நீங்கதானே அண்ணே சொன்னியோ."

மாமி அத்தனை பேர் முன்னால் முந்தானையை விரித்து என் முன்னால் பிடித்தாள். "பிச்ச போடு வடிவு" என்றாள். நான் அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கலைந்து போனார்கள். நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று யாரோ சொன்னது கேட்டது. இவர்களா என் பிள்ளைக்கு அப்பாவைத் திருப்பித் தரப்போகிறார்கள்?

1955 மார்ச் 3

மாமி படுத்த படுக்கை. நீர் மட்டும் இறங்குகிறது. மலம் மூத்திரம் எல்லாம் நான்தான் பார்க்கிறேன், அதில் ஒரு குறை யாரும் சொல்ல முடியாது.

மார்ச் 5

வைத்தியர் இனி ஆட்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். கோலப்பன் அண்ணன் கேட்காமலே கிராமபோனைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

மத்தியானம் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். சாவியைப் பூட்டில் போட்டேன். மூன்றிலொரு பங்கு குரல்தான் மிஞ்சியிருக்கிறது. இந்த ஒரு தடவையில் எது அழியும்? கடைசி வரி அழிந்தால்? அது என் வரி. அது போனால் எனக்கு என்ன மிச்சம்? சாகப்போகிறவள் கேட்டு எங்கே கொண்டுபோகப் போகிறாள்?

சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். "நாளைக்குப் போடுவோம் மாமி" என்றேன்.

மாமி சிரித்தாள் என்றுதான் தோன்றுகிறது. "வேண்டாம்ட்டி. நீயே வெச்சுக்க. எனக்கு உள்ளது எங்கிட்ட இருக்கு."

மார்ச் 6

காலையில் போய்விட்டாள்.

1956 நவம்பர் 25, ஞாயிறு

முத்துக்கனிக்கு ஏழு முடிந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, புதுப்பாவாடை உடுத்தி, பாயில் உட்கார வைத்தேன். கோலப்பன் அண்ணன் முள்ளைச் சீவிக்கொண்டிருந்தார். நான் பெட்டியைத் திறந்தேன். சூட வாசம் முகத்தில் அடித்தது.

பட்டு பிரியவில்லை.

இழுத்தேன். பசை மாதிரி இழுபட்டு வந்தது. தகரம் ஒரு பக்கம், கறுப்புத் தோல் தோலாகப் பட்டின்மேல் ஒரு பக்கம். தகரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்த இடத்திலும் கோடு இல்லை, பட்டின் நெசவுதான் பதிந்திருந்தது. ஜரிகை விழுந்த இடம் தனியாகத் தெரிந்தது. என் முந்தானையின் ஜரிகை.

கோலப்பன் அண்ணன் மோந்து பார்த்தார். "சூடமா வெச்ச?"

"பூச்சி அண்டாம இருக்கணும்னு சொன்னீங்களே."

"சொன்னேன்" என்றார். விரலால் தொட்டார், விரலில் கறுப்பு ஒட்டியது. "சூடத்துல எளகிச்சோ, என்னவோ. எனக்குத் தெரியல்ல தங்கச்சி." எதையும் போடாமலே கிராமபோனை மூடித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு ஊசி பட்டதில்லை. ஆறு வருஷம். ஒருத்தரையும் தொடவிடாமல் — யாருக்கு — நான் யாருக்காக வைத்திருந்தேன்? அய்யோ, அந்தக் கிழவி முந்தானை விரிச்சாளே. போட்டிருந்தா அவளாவது கேட்டிருப்பாளே. பட்டை மடியில் போட்டுக்கொண்டு பிள்ளை முன்னாலேயே அழுதேன்.

முத்துக்கனி பக்கத்தில் வந்தாள். "அப்பா பேசினதுதானே? எனக்குத் தெரியும்" என்றாள்.

சொன்னாள். "அம்மா, நான் சுயம்பு பேசுதேன். கேக்குதா?" அந்த இழுவை. அந்த மூச்சு. புளிமுளம், கால் வேதனை, கிணற்றடி, ஒன்று விடவில்லை. அந்த இருமல்கூட இருமினாள். அவர்தான். இருமல் முடிந்தது, நான் என் வரிக்காகக் காத்திருந்தேன்.

"பஸ், பஸ்" என்றாள். எழுந்துவிட்டாள்.

"இன்னும் உண்டு மக்கா. இருமலுக்குப் பொறவு. அம்மைக்கு ஒரு வார்த்த உண்டு."

"இல்ல. அதோட தீந்துச்சு."

"வடிவு, நான் பேசினத பிள்ளைக்குச் சொல்லிக் குடுன்னு அப்பா சொன்னாவ. நான் எனக்க காதால கேட்டேன்."

முத்துக்கனி தலையைச் சாய்த்து யோசித்தாள். "அது அப்பா மாதிரி இல்லம்மா. நீ சொல்லது மாதிரி இருக்கு" என்றாள். பிறகு, "அம்மை கேட்டா ஒண்ணுமே சொல்லாத, அழுவா. நீ பெரிசானா அவளே கேப்பான்னு ஆச்சி சொன்னா" என்றாள்.

பெட்டியில் இருந்ததை நான் பூட்டினேன். பிள்ளைக்குள் இருப்பதை அவள் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

நவம்பர் 28

மூன்று நாளாக அந்த வரியை அவர் குரலில் சொல்லிப் பார்க்கிறேன். வரவில்லை. என் குரலில்தான் வருகிறது. கோலப்பன் அண்ணனிடம் போய்க் கேட்டேன், கடைசியில் எனக்கு ஒரு வரி உண்டுதானே என்று. "அவன் அம்மைக்குப் பேசினதுதான் நெனவு இருக்கு தங்கச்சி" என்றார். மரியஜான் பம்பாயில் வேலையை விட்டுக் கப்பலேறிவிட்டானாம், எந்த ஊரென்று தெரியவில்லை.

டிசம்பர் 9

முற்றத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து முத்துக்கனி அப்பா பேசுவது போலப் பேசிக் காட்டினாள். அவர்கள் திரும்பச் சொன்னார்கள். இருமினார்கள். "பஸ், பஸ்" என்று கைதட்டினார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள். "அம்மா, அப்பா ஆச்சிகிட்ட மட்டும் ஏன் பேசினாவ? உங்கிட்ட சண்டையா?"

"சோத்தத் தின்னு" என்றேன்.