தயாரில்லை

பிப்ரவரி 4

அன்புள்ள சுண்டு,

அக்கா கடிதம் எழுதியிருக்கிறாளே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. தொண்டைதான். ஒன்பது வருடமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு தினம் எண்பது பேரிடம் பேசியதில் குரல்நாணில் சின்னச் சின்ன முடிச்சு விழுந்திருக்கிறதாம். "ஆபீஸ்ல பேசித்தான் ஆகணும்னா, வீட்டுக்குப் போனா வாயைத் திறக்காதீங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன் மாமா அன்றிலிருந்து அவரைக் கண்கண்ட தெய்வம் என்கிறார்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் கிடையாது. கம்ப்யூட்டரில் தட்டி அனுப்பலாம். ஆனால் கீபோர்டைப் பார்த்தாலே ஆபீஸில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. அதனால் பேனா.

மற்றபடி எல்லாம் பழையபடிதான். ஆஸ்பத்திரிக்காரர்கள் சார்பில் ஃபோனை எடுத்து, கேட்கிறவர்களுக்கு டாக்டரிடம் நேரம் குறித்துக் கொடுக்கிற அதே வேலை. அதே நான்காவது மாடி, அதே நாற்பத்திரண்டு நாற்காலி. நீ வாங்கித் தந்த பச்சைத் திண்டு மட்டும் இல்லையென்றால் என் முதுகும் தொண்டையோடு சேர்ந்து லீவு கேட்டிருக்கும்.

நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? புது கம்பெனியில் என்னதான் செய்கிறாய் என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். "கம்ப்யூட்டர்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! இன்னும் "ழ" போடும்போது வாலை அடுத்த வரி வரைக்கும் இழுக்கிறாய்.

பக்கத்து வீட்டில் இப்படிச் சொல்: ஃபோன் வந்தால் மனிதர் மாதிரி பேசிப் பதில் சொல்கிற மெஷின் செய்கிறான் என்று. எங்கள் குழுவில் ஒன்பது பேர். எந்தக் கம்பெனிக்காகச் செய்கிறோம் என்பதைக்கூட எங்களுக்குச் சொல்லவில்லை, ஒரு எண் மட்டும்தான். மெஷின் நன்றாகவே பேசுகிறது. ஆனால் யாராவது கோபமாகக் கத்தினால், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆரம்பித்துவிடுகிறது. அதைக் கேட்டால் எனக்கே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

நீ என்ன செய்வாய், அக்கா? கத்துகிறவரிடம் முதல் வார்த்தை என்ன சொல்வாய்? எழுதேன். தொண்டையைப் பார்த்துக்கொள்.

உன்
சுண்டு


பிப்ரவரி 22

அன்புள்ள சுண்டு,

என்னிடம் ஒருவர் வேலையைப் பற்றிக் கேட்பது இதுதான் முதல் தடவை. அதனால் தாராளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

கத்துகிறவரிடம் முதலில் பெயரையோ நம்பரையோ கேட்கக் கூடாது. கேட்டால், போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி ஆகிவிடும் அவருக்கு. மன்னிப்பும் கேட்கக் கூடாது, அது கோபத்தை இன்னும் ஏற்றிவிடும். நான் சொல்வது ஒன்றுதான்: "சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்." அதன் பிறகு இரண்டு மூச்சு விடும் நேரம் சும்மா இருக்க வேண்டும். பாதிப் பேர் அதிலேயே இறங்கிவிடுவார்கள். அவர்களுக்கு யாரோ கேட்டால் போதும்.

இன்னொன்று. "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டுவிடக் கூடாது. "கம்ப்யூட்டர்ல தேடிக்கிட்டிருக்கேன், இதோ வந்துருச்சு" என்று எதையாவது சொல்லிக்கொண்டே தேட வேண்டும். நோயாளிக்கு அமைதி என்றாலே பயம்.

இதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததில்லை. திட்டு வாங்கி வாங்கிக் கற்றது. உன் மெஷினுக்கு ஓசியில் கொடுக்கிறேன், போ.

அன்புடன்,
அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

நீ ஏன் வேறு ஏதாவது படிக்கக் கூடாது? கணக்கு வைக்கிற சாஃப்ட்வேர், மருத்துவ ஆவணம் சரிபார்க்கிற வேலை, இப்படி நிறைய இருக்கிறது. ஆறு மாதப் படிப்புதான், நானே சேர்த்துவிடுகிறேன். தொண்டைக்கும் நல்லது. எத்தனை நாளைக்கு இந்த ஃபோன் வேலை? உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

சுண்டு


மார்ச் 20

சுண்டுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் மனது சரியில்லை. "எத்தனை நாளைக்கு இந்த ஃபோன் வேலை" என்று எழுதியிருந்தாயே, அவ்வளவு கேவலமா என் வேலை என்று நினைத்தேன். உன் மாமாகூட, "அக்கறையில சொல்றான், விடு" என்றார். விட்டேன்.

நேற்று எங்கள் எல்லோரையும் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். இனிமேல் ஃபோனை மெஷின் எடுக்குமாம். மூன்று மாதம் நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அது பேசுவதைக் கேட்டு, தப்பு இருந்தால் குறித்துக் கொடுக்க வேண்டுமாம். எங்களுக்குப் பதிலாக வருவதற்கு நாங்களே பாடம் எடுக்க வேண்டும். "யாரையும் உடனே அனுப்ப மாட்டோம்" என்றார்கள். அந்த "உடனே" எல்லோர் காதிலும் விழுந்தது.

பிறகு ஒலிபெருக்கியில் அதைப் பேசவிட்டார்கள். எங்கள் சூப்பர்வைசர் நோயாளி மாதிரி கத்தினார். இளம் பெண் குரல் ஒன்று நிதானமாகச் சொன்னது: "சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்." பிறகு இரண்டு மூச்சு விடும் நேரம் சும்மா இருந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்து நாற்காலிக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுண்டு, உனக்கு இது எப்போது தெரியும்?

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் 3 அன்று தெரியும்.

அதற்கு முன் சத்தியமாகத் தெரியாது. நீ எழுதியதைப் பிப்ரவரி கடைசியிலேயே மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். "எங்கருந்து புடிச்சே?" என்று மேனேஜர் கேட்டார். "எங்க வீட்ல ஒருத்தங்க" என்று பெருமையாகச் சொன்னேன். மார்ச் 3 அன்று வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வந்து படம் போட்டுக் காட்டினார்கள். நாற்பத்திரண்டு நாற்காலி இருக்கிற ஒரு கூடம். ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலியில் பச்சைத் திண்டு.

வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சொன்னால் வேலை போகும் என்று பயம். அதுதான் காரணம், வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை. ஒன்பது நாள் யோசித்துவிட்டு, படிக்கச் சொல்லி அந்தக் கடிதத்தை எழுதினேன்.

திட்டி எழுது, அக்கா.

சுண்டு


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகத் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாமாவுக்கு ஃபோன் செய்தேன். "எழுதுவா, அவசரப்படாதே" என்றார். பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. நீதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சுண்டு


மே 9

சுண்டுவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்தாலும் எழுதுகிறேன். ஃபோனில் நீ "அக்கா" என்று இழுத்தால் என் கோபம் கரைந்துவிடும். கரைய வேண்டாம் என்று பார்க்கிறேன்.

இது வேலை விஷயம். உன் வேலையில் ஒரு பிழை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மூன்று வாரமாக உண்மையான அழைப்புகளையே மெஷினிடம் விடுகிறார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். தப்பாகப் போனால் ஒரு பொத்தானை அழுத்தி நாங்கள் பேச வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் பேசினார். "நாளைக்குப் பத்து மணிக்கு என் வீட்டம்மாவுக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருந்தேன். அது வேண்டாம்மா" என்றார்.

"ரத்து செஞ்சுட்டேன் ஐயா. காரணம் சொல்ல முடியுமா?" என்றது.

"அவ போயிட்டாம்மா."

"அப்படிங்களா. எப்ப திரும்பி வருவாங்க? அதுக்கேத்த மாதிரி வேற தேதி பார்க்கலாம்."

என் கை பொத்தானில்தான் இருந்தது, சுண்டு. ஆனால் அழுத்த வரவில்லை. அந்த நேரத்துக்குள் அவர் பதிலும் சொல்லிவிட்டார். ரொம்ப மெதுவாக, "தெரியலையேம்மா" என்றார்.

அப்புறம் நான் பேசினேன். மன்னிக்கச் சொன்னேன். ஒன்பது வருடத்தில் யாரிடமும் முதல் வார்த்தையாக மன்னிப்புக் கேட்டதில்லை, அவரிடம் கேட்டேன். அவர் என்னைத் தேற்றினார். "முன்னாடி பேசின பொண்ணு புதுசு போலிருக்கு. வைஞ்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். மெஷின் தயார், தயாரில்லை என்று இரண்டு கட்டம். "ஆயிரத்துல ஒரு ஃபோனுங்க. தயார்னு டிக் போட்டா, தொடர்ந்து வச்சுக்கற ஆளுங்க லிஸ்ட்ல உங்க பேர்தான் முதல்ல" என்றார் சூப்பர்வைசர். கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். நான் "தயாரில்லை" என்பதில் டிக் போட்டு, பெரியவர் பேசியதை அப்படியே கீழே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இனி உன் பாடு.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தப் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். அவர் "தெரியலையேம்மா" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

எங்கள் கணக்கில் அந்த அழைப்பு வெற்றி. ரத்து செய்யச் சொன்னார், ரத்து ஆயிற்று, பச்சை விளக்கு. அதனால் பச்சை விளக்கு எரிந்த மற்ற ரத்துகளையும் உட்கார்ந்து கேட்டேன். "தவறிட்டாருங்க", "இப்ப இல்லைங்க", "முடிஞ்சு போச்சு". அந்த மூன்று வாரத்தில் மட்டும் பதினொரு பேர். பதினொரு பேரிடமும் வேறு தேதி வேண்டுமா என்று கேட்டிருக்கிறது.

மீட்டிங்கில் பெரியவரின் பதிவைப் போட்டேன். கடைசி வரை கேட்டார்கள். பிறகு மேனேஜர், "தேதி கொடுத்தாச்சு, இனிமே மாத்த முடியாது" என்றார். "இதைத் தயாரில்லைன்னு எழுதிக் கொடுத்தது எங்கக்கா. நீங்க பாராட்டின அந்த வரியும் அவங்களோடதுதான்" என்றேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். ஆமாம் என்றேன். நான் சொல்ல வேண்டிய முதல் ஆள் அவர் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

வாடிக்கையாளர் கம்பெனிக்கும் அந்தப் பதிவை அனுப்ப வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். கடைசியில் அனுப்பினார்கள். ஆறு வாரம் தள்ளி வைத்திருக்கிறார்கள். இனி ரத்து என்று யார் கூப்பிட்டாலும் நேராக மனிதரிடம் போகும். என்னை அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்த வருடம் வர வேண்டிய பதவி உயர்வும் இல்லை. நீ பரிதாபப்பட வேண்டும் என்று எழுதவில்லை. வேறு யாராவது சொல்லித் தெரிய வேண்டாம் என்று எழுதுகிறேன்.

இன்னும் கோபமா?

சுண்டு


ஜூலை 19

அன்புள்ள சுண்டு,

லிஸ்ட் வந்துவிட்டது. நாற்பத்திரண்டு பேரில் பதினான்கு பேரை வைத்துக்கொண்டார்கள். ரத்து அழைப்புகளுக்கு மட்டும் ஐந்து பேர். அந்த வேலை என்னால் உண்டானது என்று பக்கத்து நாற்காலிக்காரி எல்லோரிடமும் சொல்கிறாள். அவள் இருக்கிறாள், எனக்குச் சந்தோஷம். என் பெயர் இல்லை. ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தபோது சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்கினேன்.

போன வாரம் ஒரு கண் மருத்துவமனையில் பதிவு மேஜையில் சேர்ந்திருக்கிறேன். முதல் நாள் வழக்கப்படி கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஒரு அம்மா குனிந்து, "நான் இங்க இருக்கேன்மா" என்றாள். வரிசையே சிரித்தது. முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

கோபமா என்று கேட்டாய். நீ பயந்தாய், அது எனக்குப் புரிகிறது. மறைத்தாய், அதையும் ஒரு மாதிரி விழுங்கிவிட்டேன். மீட்டிங்கில் நீ எழுந்து நின்றதைப் படித்தபோது உன் மாமாவுக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டே "உன் நல்லதுக்குத்தான்" என்று எழுதினாயே, அந்த ஒரு வரிதான் தொண்டையில் நிற்கிறது. உன் பயத்தை என் மேல் அக்கறை என்று பொட்டலம் கட்டி அனுப்பினாய். அது ஆறக் கொஞ்ச நாள் ஆகும். ஆறிவிட்டது என்று உன் மனம் நோகாமல் இருக்கச் சொன்னால், நானும் உன்னைப் போலத்தான் ஆகிவிடுவேன்.

மாதக் கடைசியில் இரண்டு நாள் விடுமுறை கிடைக்கிறது. நீ இங்கே வர வேண்டாம், நானே வருகிறேன். முப்பதாம் தேதி வண்டி, காலை ஏழு பத்துக்கு வந்து சேருகிறது. ஸ்டேஷனிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்து நன்றாகத் திட்ட வேண்டும். நடுவில் பேசாதே. முடித்ததும் எங்கேயாவது போய்ச் சாப்பிடலாம்.

பசியோடு வா.

அன்புடன்,
அக்கா