பூண்டு அறைக் கதவு

என் செல்ல வள்ளிக்கு,

பூம்பாறையில் எல்லோரும் சுகம். பூண்டு நன்றாக விளைந்திருக்கிறது. கொடைக்கானலில் டிவி கோபுரம் எழும்பிவிட்டது. இனி செய்தி வாசிப்பவரின் சட்டைக் காலரையும் நாம் பார்க்கலாம்.

கோபம் வந்தால் உன் கையும் காலும் உன் வசத்தில் இருக்காது. தட்டு பறக்கும், தலை சுவரில் மோதும். அப்பா உன்னைப் பூண்டு தொங்கவிடும் அறையில் விட்டு, "அடங்குனதும் சொல்லு, தெறக்கேன்" என்பார். நம் வீட்டில் அதற்கு வைத்தியம் என்று பெயர். வெளியே கொண்டி போடுவது அண்ணனாகிய என் பொறுப்பு.

வைத்தியம் பலித்தது. பத்து வயதில் நீயே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். தங்கமான பிள்ளை என்று ஊர் மெச்சியது.

பன்னிரண்டு வயதில் வயிற்றுவலி வந்தபோதும் அங்கேதான் போனாய். இரண்டு நாள். குடல்வால் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அப்பா கேட்டார்: "சத்தமே போடலையே சார், எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒரு தட்டையாவது எறிந்திருக்கக் கூடாதா, வள்ளி?

என் மகள், உன் மருமகள் காவேரிக்கு இப்போது ஆறு வயது. உன் கோபம் அப்படியே அவளிடம் இருக்கிறது. போன ஞாயிறு பென்சில் முனை ஒடிந்ததற்குக் குடத்தைக் கவிழ்த்தாள்.

"செத்த நேரம் அந்த ரூமுல விடுங்க, தானா அடங்கிருவா" என்றாள் உன் மதினி. அவளைக் குறை சொல்ல முடியாது. உன்னைக் கொண்டுபோனது காய்ச்சல் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

நான் வாய் திறப்பதற்குள் காவேரி அழுகையை விழுங்கிக்கொண்டு தானாகவே உள்ளே போனாள். கதவை மெல்லச் சாத்தினாள். அதைப் பிடித்திருந்த சின்னக் கை உன்னுடையது என்று நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நானும் உள்ளே போய்ப் பூண்டுக்கு அடியில் உட்கார்ந்தேன்.

"அழுதுக்க தாயி. அப்பா இங்கனதான் இருப்பேன்."

"சத்தம் போட்டா?"

"சத்தம் போட்டுத்தான்."

"ஊரே கேக்குமேப்பா."

"கேக்கட்டும். அவங்க வீட்டுல இன்னும் டிவி வரலைல்ல."

அரைமணி நேரம் அழுதாள். பிறகு என் மடியில் சாய்ந்து, பென்சிலைச் சீவித் தரச் சொன்னாள். அன்று மாலை உன் மதினியிடம் உண்மையைச் சொன்னேன். கதவைக் கழற்ற அவள்தான் சுத்தியல் எடுத்து வந்தாள்.

இனி இந்த வீட்டில் யாராவது அழுதால் பக்கத்தில் இருப்பேன். சத்தமே இல்லாவிட்டால், முதல் ஆளாக எழுந்து போய்ப் பார்ப்பேன்.

கொண்டி போட்ட கையால் எழுதும்,
உன் அண்ணன்