ஊட்டித் தோட்டத்துச் செடி

பீரோவைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனை. மற்றவர்களுக்குப் புடவை ஞாபகம் வரலாம். எனக்கு நீ வருகிறாய், கூடவே எரிச்சலும். கல்லூரியில் உலர்ந்த செடிகளை வைத்திருக்கும் அலமாரிகளிலும் இதே வாசனைதான்.

எண்பதுகளில் நாம் இருவரும் அங்கே ஆராய்ச்சி மாணவிகள். செடிகளை அழுத்தி உலர்த்த பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பேப்பர் வாங்கி, தாம்பரம் வரை மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வருவோம். நீலகிரியின் காட்டுப் பூவரசுக்கு, அதாவது ரோடோடென்ட்ரானுக்கு, இமயமலையில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், நடுவே கொதிக்கிற சமவெளியில் ஒன்றுகூட இல்லை, எப்படி வந்திருக்கும் என்று வழியெல்லாம் பேசுவேன். பூமி குளிர்ந்திருந்த காலத்தில் சமவெளி வழியாகப் பரவி வந்து, வெயில் திரும்பியதும் மலையுச்சியில் ஒதுங்கியிருக்கும் என்பேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொள்வாய்.

அட்டை கடித்த காலோடு காடெல்லாம் ஏறிச் செடிகளைச் சேகரித்தவள் நான். மஞ்சள் காமாலையில் நான் படுத்த மாதத்தில், உலர்ந்த செடிகளைத் தடித்த தாள்களில் ஒட்டி, எல்லாத் தாளிலும் சேகரித்தவர் என்று உன் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டாய். கேட்டதற்கு, "நீதான் படுத்துட்டியேடி. யாராவது ஒருத்தி முடிக்கணும்ல?" என்றாய்.

ஆனால் ஒவ்வொரு செடியும் கிடைத்த இடத்தை நான் அந்தப் பழைய பேப்பர் ஓரத்தில்தான் பென்சிலால் குறித்திருந்தேன். அந்தப் பேப்பர்களைக் குப்பையில் போட்டுவிட்டாய். ஊட்டி பங்களாத் தோட்டத்தில் யாரோ நட்டிருந்ததை, ஒப்பிட்டுப் பார்க்க நான் பறித்துவந்திருந்த இமயமலைச் செடியை, காட்டுச் செடி என்று எழுதி, இரு மலைகளின் உறவுக்கு அதுவே சாட்சி என்று கருத்தரங்கில் முழங்கினாய். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். நீ இன்னும் உயரத்துக்குப் போகட்டும் என்று காத்திருந்தேன்.

தொண்ணூறுகளில் நீ துறைத் தலைவி, அந்த அலமாரிகளுக்கு நான் பொறுப்பாளர். ஒட்டிய சீட்டை யாரும் கிழிக்கக் கூடாது, திருத்துகிறவர் பக்கத்தில் தன் பெயரோடு இன்னொரு சீட்டு ஒட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த ஊட்டிச் செடியின் தாளில் 'தோட்டத்தில் நட்டது' என்று எழுதி ஒட்டினேன். வெளியூர் ஆய்வாளர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். நீ என் மேசை முன்னால் நின்று, "எடுத்துடுடி, ப்ளீஸ்" என்றாய். எனக்கு இனித்தது.

போன வாரம், உன் காரியம் முடிந்த கையோடு, உன் மகள் வந்தாள். "ஆன்ட்டி, அம்மாதான் போயிட்டாங்களே. இப்பவாவது எடுத்துடக் கூடாதா?"

மாட்டேன் என்றேன். அழுதுகொண்டே போனாள், பாவமாகத்தான் இருந்தது. பிறகு கல்லூரி அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். நான் சேகரித்த அத்தனை தாள்களிலும் என் பெயர் இருப்பது அது ஒன்றில்தான், உன் பெயருக்குப் பக்கத்தில்.