நீ இறக்கி வைத்த சுருதி

நேற்று சாயங்காலம் தி. நகர் கல்யாண மண்டபத்தில் உன் கீபோர்டின் உறையைத் திறந்தார்கள். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று வந்தது. பூச்சி ஏறக்கூடாதென்று நீ போட்டு வைப்பாயே, அதே வாசனை. நீ கண்ணை மூடிய பிறகு உன் மனைவி அதை நம் மெல்லிசைக் குழுவுக்கே கொடுத்துவிட்டாள், மச்சி. வாசிக்க ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி.

வழக்கமான வரவேற்புதான். மணமக்களோடு படமெடுக்க ஒரு வரிசை, பந்திக்கு ஒரு வரிசை. நம் பக்கம் யார் திரும்பினார்கள்? இத்தனை வருஷமாகச் சாம்பார் வாளிச் சத்தத்துக்கு நடுவில்தான் பாடுகிறேன், அலுத்துவிட்டது. வேறு பிழைப்பும் தெரியாது. வயர்களைச் சுற்றும்போது நீ ஒருவன்தான் சொல்வாய்: "இன்னிக்கும் தொண்டை கணீர்னு கீது மச்சி!" அதை நம்பித்தான் மறுநாளும் சட்டைக்கு இஸ்திரி போடுவேன்.

நேற்று இரண்டாவது பாட்டில், சரணம் மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் அப்போதுதான் மேடையைப் பார்த்தார்கள். பாட்டு முடிந்ததும் குழு நடத்துபவர் காதருகே வந்து, "இன்னாண்ணே ஆச்சு? அடுத்த கல்யாணத்துக்கு வேற ஆளு பாத்துக்கட்டா?" என்றார்.

"இன்னாமா, சுதிய ஏத்தி வச்சிக்கினியா?" என்று அந்தப் பெண்மேல் எரிந்து விழுந்தேன்.

"இல்ல அங்கிள், ஒரிஜினல் சுதிதான். ஆன் பண்ணப்போ கீபோர்டு சுதி மைனஸ் ரெண்டுல இருந்துச்சு. யாரோ தெரியாம அமுக்கிட்டாங்கன்னு நான்தான் ஜீரோ பண்ணேன்."

தெரியாமலா அமுக்கினாய், மச்சி! அடப்பாவி. என் தொண்டை இறங்க இறங்க, பட்டனைத் தட்டி மொத்தப் பாட்டையும் நீ இறக்கிக்கொண்டே வந்திருக்கிறாய். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னை ஏமாளியாக்கிவிட்டாயே என்று. பாடுகிறவனுக்கே தெரியாதா என்று நீ கேட்கலாம். தெரிந்துகொள்ள நானும் ஆசைப்படவில்லை, அதுதான் நிஜம்.

மைக் அணைந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் சொன்னேன்: "ரெண்டு இறக்கிக்கம்மா. எனுக்கு அதுதான் எட்டும்." குழு நடத்துபவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். மீதிப் பாட்டுகளையும் பாடி முடித்தேன்.

அடுத்த வாரம் மயிலாப்பூரில் ஒரு வரவேற்பு. குழு நடத்துபவர் என்னையே வரச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் மேடை ஏறியதும் சுருதியை இறக்கச் சொல்லியாக வேண்டும். நினைத்தாலே வெட்கம் பிடுங்கித் தின்கிறது. இத்தனை நாள் இந்த வெட்கத்தை என் கண்ணில் காட்டாமல் நீயே வைத்திருந்தாய். இனி நான் வைத்துக்கொள்கிறேன், மச்சி.