கூடத்துக்குள் ஏற்றமும் வற்றமும்

நவம்பர் 3, திங்கள்

விடாத மழை. ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீராம். இவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் பிசியோ வரவில்லை.

உப்புத் தண்ணீர் மீன் தொட்டியில் உயிரோடு பாக்கி ஒரே ஒரு பவளம். பச்சை. அதுவும் விரியாமல் சுருங்கிக் கிடக்கிறது. கடைக்காரர் போனில், "தண்ணி ஓட்டம் பத்தலக்கா."

பக்கவாதம் வந்து பேச்சு போனதிலிருந்து இவர் பார்ப்பது அந்தத் தொட்டியை மட்டும்தான். என்னைக்கூட இல்லை. அது செத்தால் எதைப் பார்ப்பார்?

படுக்கையில் விழுவதற்கு முன் இவர் போட்ட திட்டம்: தொட்டிக்கும் கடல் மாதிரி ஏற்றம், வற்றம். வாங்கிய இரண்டு மோட்டாரும் நீல டிரம்மும் பால்கனியில் அப்படியே. நான் செய்தால் என்ன?

நவம்பர் 4, செவ்வாய்

வாங்க: முட்டை, டயப்பர், டியூப் கிளிப்.

மாட்டியாகிவிட்டது. ஒரு மோட்டார் தண்ணீரை டிரம்முக்கு இறக்கும், இன்னொன்று திரும்ப ஏற்றும். கடலைப் பார்த்து போனில் நேரம் சொல்வது தம்பி காதர். சதுரங்கப்பட்டினத்தில் ஐஸ் வண்டி ஓட்டுகிறான், எப்போதும் கரையில்தான்.

"லாத்தா, தண்ணி எறங்கிகினு கீது. மோட்டாரப் போடு. உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

மோட்டாரைப் போட்டேன்.

தண்ணீர் இறங்கியதும் இவர் இடது கையைத் தூக்கித் தொட்டி மூலையைக் காட்டினார். வெளிச்சம் கூசுகிறதோ? லைட்டை அணைத்தேன். மறுபடி காட்டினார். ஃபேனையும் அணைத்தேன். கண்ணில் தண்ணீர். சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 5, புதன்

இன்றைய ஏற்றம் நேற்றைவிட அதிகம். விளிம்பு வரை. காதரிடம் சொன்னேன்.

"இன்னிக்கு பௌர்ணமி இல்ல? உன் வூட்டு கடலுக்கும் தெரிஞ்சிகீது!"

இரண்டு பேரும் சிரித்தோம். நான் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

தொட்டிக்கு மேலிருக்கும் நல்ல தண்ணீர் கேன் காலி. ஆவியாவதை ஈடுகட்ட இவர் வைத்தது. மழைக்காலத்தில் இவ்வளவா ஆவியாகும்? புது கேன் வைத்தேன்.

மறுபடி அதே மூலைக்குக் கை. "இன்னாங்க, இன்னா வோணும்?" கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டது. பவளம் கரைந்துவிட்டது. கூடம் முழுக்க நாற்றம்.

தொட்டியைக் கழுவும்போது, இவர் காட்டிய மூலையில் மிதவை. இவர் மாட்டியது. தண்ணீர் குறைந்தால் தானே இறங்கி கேனைத் திறந்துவிடும். ஒவ்வொரு வற்றத்துக்கும் திறந்திருக்கிறது. உப்பில்லாத தண்ணீர், கேன் கேனாக. உப்பு பார்க்கும் குழல், உப்பிருந்தால் மிதக்க வேண்டியது, அடிவரை மூழ்குகிறது. விளிம்பு வரை ஏறியது அந்தக் கேன் தண்ணீரால்தான். பௌர்ணமியாம், பௌர்ணமி.

இவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். நான்தான் கையைப் போர்வைக்குள் வைத்தேன்.

இப்போது கையைத் தூக்குவதில்லை. சுவரைப் பார்க்கிறார்.

சாயங்காலம், காலித் தொட்டி பக்கத்தில் இருக்கும்போது, காதர் போன். "லாத்தா, ஏறிகினு கீது. மோட்டாரு போட்டியா?"

"போட்டுட்டேன்டா."