பச்சை மேலே, சிவப்பு கீழே

சம்பந்தி,

இன்று ஏவன்டேல் வீட்டின் பின்வளவில் கரி மூட்டி, ஆட்டுத் தொடையில் கல்லுப்பைத் தேய்த்துக் கம்பியில் குத்திவைத்தேன். கொழுப்பு நெருப்பில் சொட்டிய வாசனையோடு உங்கள் நினைவும் வந்துவிட்டது. இறைச்சியை மகனிடம் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் என் கையால் வருகிறது. இது நான் எழுதும் முதல் கடிதம்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் குளிர்காலம். என் மகனும் உங்கள் மகளும் விரும்பிவிட்டார்கள் என்று இரண்டு குடும்பமும் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். மெனு என் கைக்கு வந்தது. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்று சொல்லி அதை மகனிடம் தள்ளினேன். நீங்கள் சென்னையில் படித்த எஞ்சினியர். நான் த்ரீ கிங்ஸ் வட்டாரத்துக் கடைகளில் தரை துடைப்பவன். அதில் எனக்கு வெட்கமில்லை. எழுத்துத் தெரியாதவன் வீட்டுக்குப் பெண் தரமாட்டீர்கள் என்பதுதான் என் பயம்.

அடுத்த கிழமை என்னை மட்டும் விருந்துக்குக் கூப்பிட்டீர்கள். பெரியவர்கள் கதைத்து முடிவெடுப்போம் என்றீர்கள். நகரத்தில் ஒரு பிரேசில்காரரின் கடை. வாசலில் என் கால் தயங்கியது.

“இங்க மெனுவே கிடையாது. உக்காந்தா போதும், அவங்களே கொண்டு வருவாங்க,” என்றீர்கள்.

அப்படித்தான் வந்தார்கள். வாள் போல நீண்ட கம்பிகளில் இறைச்சியைச் சுமந்துகொண்டு மேசை மேசையாக வந்தார்கள். தட்டுக்கு மேலே கம்பியை நிறுத்தி மெல்லியதாக அரிவார்கள். துண்டு விழுமுன் சிறிய இடுக்கியால் நாம் பிடிக்கவேண்டும். உங்கள் முதல் துண்டு உங்கள் மடியில் விழுந்தது. மாட்டிறைச்சி நம் இருவருக்கும் ஆகாது, கையசைத்து அனுப்பினோம். ஆடு வந்தது, கோழி வந்தது, பன்றி விலா வந்தது. சுட்ட அன்னாசிகூட வந்தது. அதில் கறுவா மணக்கிறது என்றேன். உங்கள் ஊர் வழக்கில் பட்டை என்று திருத்தினீர்கள்.

மேசையில் ஆளுக்கொரு மர வட்டு இருந்தது. பச்சைப் பக்கம் மேலே இருந்தால் கொண்டுவந்துகொண்டே இருப்பார்கள். சிவப்பைத் திருப்பினால் நிறுத்துவார்கள். அழைத்தவர் நீங்கள், விருந்தாளிக்கு முன்னால் எப்படி நிறுத்துவீர்கள்? மாப்பிள்ளை வீட்டுக்காரன் நான். போதும் என்றால் உங்கள் விருந்தைக் குறை சொன்னதாக ஆகிவிடுமே. இரண்டு வட்டும் பச்சையாகவே கிடந்தன. நான் பெல்ட்டைத் தளர்த்தினேன். நீங்கள் ஏற்கெனவே தளர்த்தியிருந்தீர்கள்.

“நீங்கள் முதல்ல திருப்புங்கோ ஐயா,” என்றேன்.

“அதெப்படி? நீங்க மாப்பிள்ளையோட அப்பா. நீங்க திருப்புங்க.”

கடைசியில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிச் சேர்ந்தே திருப்பினோம். கம்பியோடு நின்ற பிரேசில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் துணிவு வந்தது.

“ஐயா, எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது.”

“தெரியும் சம்பந்தி. அன்னைக்குக் கண்ணாடி உங்க சட்டைப் பையில எட்டிப் பாத்துச்சே. சரி, கல்யாணத்த எப்ப வச்சுக்கலாம்?”

அன்றுதான் முதன்முதலாக என்னைச் சம்பந்தி என்றீர்கள். வெளியே வரும்போது பிரேசில்காரரிடம் கேட்டு ஒரு வட்டை வாங்கி என் கையில் வைத்தீர்கள். எனக்காகவே மெனு இல்லாத கடையைத் தேடிப் பிடித்த மனிதர் என் சம்பந்தி என்று நான் பெருமையோடு நடந்தேன். பிறகு ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் நாம் இருவரும் அங்கே போனோம். யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, எழுத்துச் சொல்லித் தரச் சொல்லி உங்கள் மகளிடம் கேட்டேன். அவள் திகைத்துப்போனாள். “அப்பா ஒரு வார்த்தை சொல்லலையே மாமா,” என்றாள். பெற்ற மகளிடமும் நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது தமிழ் வந்துவிட்டது. மெனு வாசிக்க ஆங்கிலம் வேண்டும், அதையும் விடமாட்டேன்.

இறைச்சி ஆகிவிட்டது என்று கூப்பிடுகிறார்கள். காகிதம் பறக்காமல் உங்கள் வட்டைத்தான் மேலே வைத்திருக்கிறேன். சிவப்பைத் திருப்ப எனக்கு மனமில்லை. இந்த முறை நீங்கள்தான் முதலில் திருப்பவேண்டும், சம்பந்தி. அதுவரை பச்சை மேலேயே இருக்கட்டும்.